குடத்தில் இட்ட ஓலையும் கணக்கெழுதிய கையும்: உத்தரமேரூர் உணர்த்தும் ஆள்தேர்வு நெறி

முன்னுரை

ஓர் ஊரின் ஏரி கரையுடையாமல் நிற்பதும், ஊர்ப்பொன் மாற்றுக் குறையாமல் இருப்பதும், வரவும் செலவும் ஏட்டில் ஒழுங்காக ஏறுவதும் யாரால் நிகழ்கின்றன? அப்பணிகளுக்கென அமர்த்தப்பட்ட மனிதரால் நிகழ்கின்றன. சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் அதனைக் கையாளும் ஆள் தகுதியற்றவனாயின் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். ஆதலின், உள்ளாட்சியின் செயற்றிறனை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'அவ்வூர் தன் பணியாளரை எவ்வாறு தேர்ந்தெடுத்தது?' என்பதேயாகும்.

இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டு வரலாறு தரும் விரிவான விடைகளுள் ஒன்று உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் உள்ளது. குடவோலை என்னும் சொல்லை நம் மாணவர் தொடக்க வகுப்புகளிலேயே அறிந்து கொள்கின்றனர். 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது' என்னும் பெருமித வரியோடு அப்பாடம் பெரும்பாலும் நிறைவுற்று விடுகின்றது. குடத்தின் படம் பாடநூலில் இடம்பெறுகின்றது. அக்கல்வெட்டின் கடைப்பகுதியில் கணக்கெழுதுவோனைப் பற்றிப் பொறிக்கப்பட்டுள்ள விதிகள் இடம்பெறுவதில்லை. அவ்விடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உத்தரமேரூர் சபையார் கண்டறிந்த நுட்பத்தின் உயிர்நாடி, புதியவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பழையவரின் கணக்கோடு பிணைத்ததில் உள்ளது என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

மரபின் பின்புலம்

ஆளைத் தேர்ந்தெடுத்துப் பணியில் அமர்த்துவது பற்றிய சிந்தனை தமிழில் தொன்மை வாய்ந்தது. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலாவது, ஒருவனை நம்புவதற்கு முன் ஆராய வேண்டியவற்றைக் கூறுகின்றது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் அவனைச் சோதிக்க வேண்டும் என்று தொடங்குகின்றது. இரண்டாவது, அவ்வாறு தெளிந்தவனை அவனுக்கேற்ற வினையில் அமர்த்தும் முறையைக் கூறுகின்றது. தேர்வு வேறு, பணியமர்த்தம் வேறு என்னும் பாகுபாட்டை வள்ளுவர் அன்றே உணர்ந்திருந்தார் என்பது இவ்வைப்புமுறையால் புலனாகும். எனினும், அவ்வதிகாரங்கள் அரசன் ஒருவனுடைய கூர்மதியை முன்னிறுத்திப் பேசுவன. ஆராய்பவனும் தெளிபவனும் அமர்த்துபவனும் அவனே.

குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கமும் பழைமையானதே. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், கயிற்றால் பிணித்து முத்திரையிட்ட குடத்திலிருந்து ஓலைகளை வெளியில் எடுக்கும் மாந்தரை உவமையாகக் காட்டுகின்றார். கேட்போருக்கு நன்கு தெரிந்த ஒன்றே உவமையாக வரும் ஆதலின், அவ்வழக்கம் சங்க காலத்திலேயே அறியப்பட்டிருந்தது எனக் கொள்ளலாம்.

ஊர்ச்சபையில் யார் அமரலாம் என்பதை எழுத்தில் வரையறுத்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த மானூரில் கிடைத்த பாண்டியர் காலக் கல்வெட்டாகும். ஏறத்தாழக் கி.பி. 800ஐ ஒட்டிய அக்கல்வெட்டு, ஊரில் பங்குடையோருள்ளும் கல்வியும் நல்லொழுக்கமும் உடையவரே சபையில் பங்கேற்கலாம் என்கின்றது. சபையில் எதை முன்மொழிந்தாலும் 'அன்று, அன்று' என மறுத்துக் காரியத்தைத் தடுப்போருக்குத் தண்டமும் விதிக்கின்றது. சபையில் அமர்வோர் எத்தகையவர் என்பதையும் அவர் அங்கு எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் மானூரார் ஒருங்கே எண்ணிப் பார்த்துள்ளனர். இப்பின்புலத்திலேயே உத்தரமேரூரை நாம் அணுக வேண்டும்.

உத்தரமேரூரும் அதன் வாரியங்களும்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூர், பல்லவர் காலம் முதலே சதுர்வேதிமங்கலமாக, அதாவது மறைவல்ல அந்தணர்க்கு வழங்கப்பெற்ற ஊராக விளங்கியது. அதன் நிருவாகம் மகாசபையின் கையில் இருந்தது. சபை தன் பணிகளைப் பகுத்து வாரியங்கள் என்னும் குழுக்களிடம் ஒப்படைத்தது. ஆண்டு முழுவதற்குமான பொதுக் காரியங்களைச் சம்வற்சர வாரியம் கவனித்தது. தோட்டங்களைத் தோட்ட வாரியமும், ஏரியை ஏரி வாரியமும், பொன்னின் தரத்தைப் பொன் வாரியமும் பேணின. பஞ்சவார வாரியம் என்னும் மற்றொன்றும் இருந்தது. அதன் பணி யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவற்றுள் ஏரி வாரியத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆறு பாயாத நிலப்பகுதியில் மழைநீரைத் தேக்கிவைக்கும் ஏரியே ஊரின் உயிர். ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்றாவிடில் ஏரியின் கொள்ளளவு சுருங்கும். மதகு பழுதுற்றால் கடைமடைக்கு நீர் எட்டாது. கரை உடைந்தால் விளைந்த பயிர் அழியும். இப்பணிக்குத் தகாதவன் ஒருவன் அமர்ந்தால் அதன் விளைவை ஊரார் அடுத்த மழைக்காலத்திலேயே காண்பர். பொன் வாரியத்தில் நேர்மையற்றவன் அமர்ந்தால், அறக்கட்டளைக்கென ஊரார் அளித்த பொன் மாற்றுக் குறைந்து போகும். ஆள்தேர்வு என்பது சபையாருக்கு வெறும் சடங்காக இருந்திருக்க இயலாது என்பதை இவ்விரு சான்றுகளே உணர்த்தும்.

இரண்டாண்டில் இரு தீர்மானங்கள்

வாரியத் தேர்வு பற்றிய இரண்டு கல்வெட்டுகள் உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டும் முதலாம் பராந்தக சோழனின் காலத்தன. முதலாவது அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் எழுந்தது, இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921இல் எழுந்தது. கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரி முதலிய வரலாற்றறிஞர் அவற்றின் சிறப்பை மேலும் விளக்கினர்.

ஒரே பொருள் பற்றி இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு தீர்மானங்கள் எழுந்தது ஏன் என்னும் வினா இங்கு எழுகின்றது. முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தபின் அவற்றின் குறைகள் வெளிப்பட்டன என்று கொள்வதே பொருத்தமாகும். தீயோர் ஒடுங்கி நல்லோர் ஓங்க வேண்டும் என்பதற்காகவே இவ்விதிகள் செய்யப்படுகின்றன எனக் கல்வெட்டே நோக்கத்தை அறிவிக்கின்றது. 919இல் வாரியத்துக்கு வருவோர் 30 வயதுக்கு மேற்பட்டவராகவும் 60 வயதுக்குட்பட்டவராகவும் இருக்க வேண்டும் என்றிருந்தது. 921இல் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. ஏனைய விதிகளும் நுணுக்கமாக விரித்துரைக்கப்பட்டன. தாம் வகுத்த முறை போதாது என உணர்ந்தவுடன் அதனைத் திருத்திக் கல்லில் எழுதிவைத்த மனத்திட்பம், அச்சபையாரின் பெருமைகளுள் தலையாயது எனலாம்.

இரு தீர்மானங்களும் அரசனின் ஆணைப்படி, அவனுடைய அலுவலர் உடனிருக்க நிறைவேறியவை என்பதையும் மறத்தலாகாது. 919இல் தத்தனூர் மூவேந்த வேளானும், 921இல் சோமாசிப்பெருமானும் அவ்வாறு உடனிருந்தனர். எனவே, சபை முற்றிலும் தன்னிச்சையாக இயங்கியது எனக் கூறுவதும், அனைத்தும் அரசன் கட்டளையே எனக் கூறுவதும் பொருந்தா. ஊரறிவும் அரசின் மேற்பார்வையும் ஒன்றுகூடிய இடத்தில் அவ்விதிகள் பிறந்தன.

தகுதியை வரையறுத்தல்

921ஆம் ஆண்டு விதிகள் நான்கு வகைத் தகுதிகளை வேண்டுகின்றன. முதலாவது, உடைமை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். இரண்டாவது, வயது. மூன்றாவது, கல்வி. மந்திர பிராமணம் கற்றுப் பிறர்க்கு ஓதுவிக்க வல்லவராக இருத்தல் வேண்டும். நான்காவது, ஒழுக்கமும் காரியத்திறனும். நேரிய வழியில் பொருளீட்டியவராகவும், தூய மனமுடையவராகவும், காரியங்களில் தேர்ந்தவராகவும் இருத்தல் வேண்டும்.

இவற்றுள் ஒரு நெகிழ்வும் உண்டு. ஒரு வேதத்தையும் நான்கு பாடியங்களுள் ஒன்றையும் விளக்கியுரைக்க வல்லவராயின், அரைக்கால் வேலி நிலமே உடையவரும் தம் பெயரைக் குடத்தில் இடப்பெறலாம். உடைமையில் உள்ள குறையைக் கல்வியால் ஈடுசெய்யலாம் என்பதே இதன் பொருள். தகுதிகளைத் தனித்தனிச் சுவர்களாக நிறுத்தாமல் ஒன்றை ஒன்றால் நிறைக்க இடங்கொடுத்தமை கருதத்தக்கது.

கடந்த மூன்றாண்டுகளுக்குள் இவ்வாரியங்களில் பணியாற்றியவரும் மீண்டும் வர இயலாது. இவ்விதியின் விளைவை எளிய கணக்கால் அறியலாம். ஊர் 30 குடும்புகளாக, அதாவது 30 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் குடும்புக்கு ஒருவர் வேண்டும்; பணியாற்றியவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் குறைந்தது நால்வராவது இருந்தாலன்றி இம்முறை நடைபெறாது. 30 குடும்புகளுக்கும் சேர்த்து 120 பேர் என்றாகின்றது. பணியாற்றும் வாய்ப்பு ஒரு சிலரிடம் தேங்கிவிடாமல் சுழன்று வருதற்கு அஃது ஏதுவாயிற்று.

கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றமும்

தகுதிகளைக் காட்டிலும் தகுதியின்மைகளின் பட்டியலே நீண்டது. பெரும்பாவங்கள் செய்தோர், பிறர் பொருளைக் கவர்ந்தோர், கள்ளக் கையெழுத்திட்டோர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டோர், ஊருக்குத் தீங்கானோர் எனப் பலர் விலக்கப்படுகின்றனர். ஆயினும், நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது வேறொரு விதியாகும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவன் பெயர் மட்டுமன்று. அவனுடைய தாயின் தமக்கை தங்கையர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தோன், தந்தையுடன் பிறந்தோன், தன்னுடன் பிறந்தோன், மாமனார், மனைவியுடன் பிறந்தோன், உடன்பிறந்தாள் கணவன், அவள் மக்கள், மருமகன், தந்தை, மகன் ஆகியோர் பெயர்களும் இடப்படலாகா.

ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் சுற்றத்தார் அனைவரையும் விலக்குவது இன்றைய நீதியுணர்வுக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். அத்தோற்றம் நியாயமானதே. ஆயினும், அவ்விதி நடைமுறையில் என்ன செய்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அகன்ற உறவுப் பின்னலால் கட்டுண்ட சிற்றூரில், கணக்குக் காட்டாத ஒருவனால் ஒன்றிரண்டு குடும்புகளின் தகுதியுடையோர் பலர் ஒரேயடியாக வாய்ப்பிழப்பர். மேலே கண்ட நால்வர் கணக்கு அங்கே உடைந்துவிடும். ஆதலின், அவன் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதில் சபையைவிட அவனுடைய மாமனுக்கும் மைத்துனனுக்கும் அக்கறை மிகும். குற்றத்தை மூடிமறைக்கக்கூடிய உறவே, குற்றத்தை வெளிக்கொணரத் தூண்டும் உறவாக மாறுகின்றது. எழுதப்பட்ட விதி ஒன்றே. அதனைக் காக்கும் காவலரோ வீட்டுக்கு வீடு உருவாகின்றனர்.

உறவினர்க்குப் பணி அளிப்பதைத் தடுக்கும் விதிகள் பிற்காலத்தில் பல நாடுகளிலும் தோன்றின. அவை பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவனின் உறவைக் கருதுவன. உத்தரமேரூர் விதியோ பொறுப்புத் தவறியவனின் உறவைக் கருதுவது. இவ்வேறுபாடு நுட்பமானது.

குடத்தைத் திறக்கும் முறை

தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடும்பு வாரியாகத் தனித்தனிக் கட்டுகளாகக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் அடங்கிய மகாசபை முழுமையாகக் கூடியது. ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் வந்து சபை நடுவே அமர்ந்தனர். அவருள் மூத்தவர் எழுந்து, அனைவரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடித்தார். விவரம் ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டில் இருந்த ஓலைகள் வேறொரு வெற்றுக் குடத்தில் இட்டுக் குலுக்கப்பட்டன. அதிலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அவ்வோலையை ஏற்று, உரக்கப் படித்தான். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படித்தனர். பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது.

இந்நடைமுறையின் ஒவ்வொரு படியும் ஓர் ஐயத்துக்கு விடையாகும். குடத்தை உயர்த்துவது, மறைவில் எதுவும் நடைபெறவில்லை எனக் காட்டுதற்கு. சிறுவன் எடுப்பது, எடுக்கும் கைக்கு விருப்பு வெறுப்பு இல்லை எனக் காட்டுதற்கு. விரல்களை விரிப்பது, கையில் வேறோர் ஓலை ஒளித்துவைக்கப்படவில்லை எனக் காட்டுதற்கு. பலர் படிப்பது, ஒரு பெயர் மற்றொரு பெயராகத் திரித்துப் படிக்கப்படவில்லை எனக் காட்டுதற்கு. தேர்வு நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது; நேர்மையாக நடந்தது என்பதை ஊரார் கண்ணாலும் காதாலும் அறிய வேண்டும் என்பதைச் சபையார் நன்குணர்ந்திருந்தனர்.

அனுபவத்துக்கு அளித்த இடம்

குடவோலை முற்றிலும் நற்பேற்றை நம்பிய முறை எனச் சிலர் கருதுவர். அக்கருத்து முழுமையானதன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருள், முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியோரும், கல்வியில் முதிர்ந்தோரும், வயதில் முதிர்ந்தோரும் 12 பேர் சம்வற்சர வாரியத்துக்கு உரியவராயினர். எஞ்சியோருள் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், ஆறு பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். ஆக, ஊரின் பொதுக் காரியங்களைக் கவனிக்கும் முதன்மை வாரியத்துக்குப் புதியவர் நேரே செல்வது அரிது. ஏரிக்கரையிலும் தோட்டத்திலும் பணி பழகியவரே முன்னுரிமை பெற்றனர். தகுதி முதலில் வடிகட்டியது. திருவுளச்சீட்டு அடுத்து நடுநிலை காத்தது. அனுபவம் இறுதியில் இடத்தைத் தீர்மானித்தது.

பணிக்காலம் 360 நாள். அது முடிந்தவுடன் விலக வேண்டும். இடையில் குற்றம் கண்டால் உடனே விலக்கப்படுவர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் 12 பேர் குடவோலையாலேயே தெரிந்தெடுக்கப்பட்டு, அறுவர் அறுவராகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டில் அவ்விரு வாரியங்களுக்கு ஆள் அளித்த குடும்புகள் அடுத்த ஆண்டுத் தேர்வில் ஒதுக்கப்பட்டன. பிற குடும்புகளுக்கு வாய்ப்புக் கிட்டியது.

கணக்கெழுதிய கை

ஆண்டுக்கு ஒருமுறை வாரியர் அனைவரும் மாறிவிடின், நிருவாகத்தின் நினைவு எங்கே தங்கும்? கணக்கு ஏட்டில் தங்கும். அவ்வேட்டை எழுதும் கணக்கனே ஊராட்சியின் தொடர்ச்சிக்கு ஆதாரமானவன். அவனே நாம் இன்று பணியாளன் என்று கூறத்தக்கவன். ஆதலின், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவனைப் பற்றிய விதிகளோடு நிறைவை நெருங்குவது மிகப் பொருத்தமாகும்.

அவ்விதிகள் மூன்று. நேர்மையான வழியில் வாழ்க்கை நடத்திய மத்தியஸ்தனே ஊர்க்கணக்கை எழுத வேண்டும். தான் பணியிலிருந்த காலத்துக் கணக்கைப் பெரிய வாரியத்தாரிடம் ஒப்படைத்து, நேர்மையாளன் என ஏற்கப்படும் வரை அவன் மீண்டும் அப்பணியில் அமர்த்தப்படலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். அவன் கணக்கை முடித்துக் கொடுக்க வேறொரு கணக்கனை அமர்த்தலாகாது.

மூன்றாம் விதியை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அலுவலகப் பணியறிந்தோர் அனைவரும் இதன் அருமையை உணர்வர். முன்னவன் விட்டுச் சென்ற குழப்பத்தைப் பின்னவன் தலையில் சுமத்துவது எந்நாட்டிலும் எக்காலத்திலும் காணப்படுவது. பின்னவன் கணக்கை முடித்தால், பிழை யாருடையது என்பதே தெரியாமற் போகும். பொறுப்பு இருவருக்குமிடையே நழுவி மறையும். எழுதிய கையே காட்ட வேண்டும் என்ற விதி அந்நழுவலைத் தடுத்துவிடுகின்றது.

இங்கே வாரியர்க்குரிய விதியும் கணக்கர்க்குரிய விதியும் ஒரே நெறியில் இணைவதைக் காணலாம். கணக்குக் காட்டாத வாரியன் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாத கணக்கனும் மீண்டும் வர இயலாது. முந்திய பணிக்காலம் முடிந்த இடத்திலேயே அடுத்த தேர்வு தொடங்குகின்றது. நம்பும் முன் ஆராய்க என்பது குறளின் நெறி. நம்பிப் பணியளித்தபின் அப்பணியின் விளைவையும் ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியை அடுத்த தேர்வுக்கு வாயிலாக்குக என்பது உத்தரமேரூர் அதனோடு சேர்த்த நெறி. அரசன் ஒருவனின் கூர்மதியை நம்ப வேண்டிய இடத்தில், எவரும் படித்தறியத்தக்க விதி வந்து அமர்ந்தது.

பெருமிதத்துக்கு ஓர் எல்லை

உண்மையை முழுமையாகக் கூறுவதே வரலாற்றுக்கு அழகு. உத்தரமேரூர் மகாசபை அவ்வூரில் வாழ்ந்த அனைவருடைய சபையும் அன்று. நிலமுடைய அந்தண ஆடவரே குடத்தில் பெயர் இடப்பெற்றனர். ஏரியில் வண்டல் அள்ளியவர், வயலில் நாற்று நட்டவர், நெசவு செய்தவர், பெண்டிர் ஆகிய எவர் பெயரும் அக்குடத்தில் இல்லை. ஏரி வாரியத்தின் செயலால் பெரிதும் பயனோ துன்பமோ அடைந்தவருள் பெரும்பாலோர் அவ்வாரியரைத் தெரிவுசெய்வதில் இடம்பெறவில்லை. ஆகவே, இதனை இற்றை மக்களாட்சித் தேர்தலோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வது பொருந்தாது. இங்கு வாக்களிப்பும் இல்லை. அனைவர்க்கும் உரிமையும் இல்லை.

மேலும், கல்வெட்டு நமக்கு விதியைத் தருகின்றது. அவ்விதி ஒவ்வோராண்டும் வழுவாது பின்பற்றப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாகாது. 919இன் விதி 921இல் திருத்தப்பட வேண்டியதாயிற்று என்பதே நடைமுறையில் இடர்ப்பாடு இருந்தமையைக் காட்டுகின்றது. இவ்வரம்புகளை மாணவரிடம் மறைத்துப் பெருமிதத்தை மட்டும் ஊட்டினால், அவர்கள் வளர்ந்தபின் உண்மை அறியும்போது பாடத்தையே ஐயுறுவர். வரம்புகளோடு சேர்த்துக் கற்பித்தால், அந்நுட்பத்தின் மதிப்பு மேலும் தெளிவாக விளங்கும். ஒரு சிறுபான்மைக்குள் நேர்மையைக் காத்த முறைகளை அனைவர்க்கும் உரியனவாக விரிப்பது பிற்காலத்தார் கடமை.

குடமும் தேர்வுத்தாளும்

பிற்காலத்தார் அக்கடமையை வேறொரு வழியில் மேற்கொண்டனர். கிழக்கிந்தியக் கும்பினியின் காலத்தில், உயர் பணிகள் கும்பினி இயக்குநர்களின் பரிந்துரையால் கிட்டின. சென்னை மாகாணமும், 1867 வரை இந்திய அரசின் கீழிருந்த நீரிணைக் குடியேற்றங்களும் அம்முறையின் நிழலில் இருந்தவையே. 1853ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியப் பணிகளில் அப்பரிந்துரை உரிமையை நீக்கியது. 1855இல் இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் பணிகளுக்கும் திறந்த தேர்வே வேண்டும் என நார்த்கோட்-டிரெவெலியன் அறிக்கை 1854இல் வலியுறுத்தியது. பின்னர், பணியமர்த்தத்தை ஆட்சியாளர் கையிலிருந்து பிரித்துத் தனி ஆணையத்திடம் ஒப்படைக்கும் முறை பரவியது. இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சென்னையில் 1929இல் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. சிங்கப்பூரில் 1951இலும், மலாயாவில் 1957இலும் பொதுச் சேவை ஆணையங்கள் தோன்றின.

குடமும் தேர்வுத்தாளும் வெவ்வேறு கருவிகள். குடம் தேர்ந்தெடுப்பவனின் விருப்பத்தை முற்றிலும் விலக்குகின்றது. ஆனால் தகுதியுடையோருள் மிகத் தகுதியுடையோர் யார் என்பதைக் கூறாது. தேர்வுத்தாள் திறமையை வரிசைப்படுத்துகின்றது. ஆனால் கற்றறிந்தவன் கை சுத்தமானதா என்பதைக் கூறாது. இரண்டுக்கும் பொதுவான நோக்கம் ஒன்று உண்டு: பணி என்பது வழங்குவோனின் கொடையாகவோ பெறுவோனின் சொத்தாகவோ ஆகிவிடலாகாது. அந்நோக்கத்தை எய்துவதற்கு நுழைவாயிலில் வைக்கும் காவல் மட்டும் போதாது. நுழைந்தவன் என்ன செய்தான் என்பதை ஆராயும் காவலும் வேண்டும். இரண்டாம் காவலை முதற்காவலோடு இணைத்தமையே உத்தரமேரூர் இன்றும் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.

முடிவுரை

ஓர் உள்ளாட்சி தன் ஆட்களை எவ்வாறு தேர்கின்றதோ அவ்வாறே அதன் ஏரியும் இருக்கும், ஏடும் இருக்கும். உத்தரமேரூர் சபையார் தகுதியை எழுத்தில் வரையறுத்தனர். தேர்வை அனைவர் கண்முன்னும் நடத்தினர். பணிக்காலத்துக்கு எல்லை வகுத்தனர். அனுபவத்தை வீணாக்காமல் பயன்படுத்தினர். அனைத்துக்கும் மேலாக, கணக்குக் காட்டுவதையே மீண்டும் பணிபெறும் தகுதியாக்கினர். தம் விதியில் குறை கண்டபோது இரண்டாண்டுக்குள் அதனைத் திருத்தவும் தயங்கவில்லை.

ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தை நடத்தும்போது குடத்தின் படத்தோடு நிறுத்திவிடாமல், விரித்த ஐந்து விரல்களையும், கணக்கைத் தானே ஒப்படைக்க நின்ற மத்தியஸ்தனையும் மாணவர் மனக்கண்முன் நிறுத்துதல் வேண்டும் என விழைகின்றோம். மாணவர் மன்றத்தின் பொருளாளர் முதல் ஊராட்சி அலுவலர் வரை பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவை, கி.பி. 921இலேயே அக்கோயிற் சுவர் எழுப்பிவிட்டது: நாம் எழுதிய கணக்கை நாமே காட்டினோமா? அதற்கு ஆம் என விடை கூறுவோர் மிகுந்த ஊரில் ஏரிக்கரை உடைவதில்லை.